ஆறுக்குமேல மாடி

அன்புள்ள கண்ணுக்கு, அப்பா எழுதுவது. நான் நலம் என்று எழுத வேண்டிய இடம் இது, எழுதிவிட்டேன், நீயும் உன் பங்குக்கு நலமாக இரு. அம்மா போய் இரண்டு மாதம் ஆகிறது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வேலைக்குப் போகிறேன், எல்லாம் ஓடுகிறது, உள்ளேதான் கரண்ட் இல்லை, எங்கே ஒயர் விட்டிருக்கிறது என்று இன்னும் பிடிபடவில்லை. வாஷிங் மெஷினில் எந்தத் துணியை எதோடு போடுவது என்று அம்மா சொல்லாமல் போய்விட்டதால் லிஃப்ட் மெக்கானிக்கான உன் அப்பனின் வெள்ளைச் சட்டை மூன்றும் இப்போது நீலம்.

உன் கடிதம் வந்தது. அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனின் அப்பா போன் செய்வார், பூர்வீகம் கேட்பார், அம்மா சொல்லி வைத்தது போலவே மலையடிவாரத்து ஊர், எஸ்டேட் ஆபீசர் குடும்பம் என்று சொல்லிவிடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். இருபது வருடம் சொன்ன பொய், எனக்கு மனப்பாடம்தான். நாம் பழைய இரும்பு உடைக்கிற தெருக்காரர்கள் என்பதும், ஊர் நமக்கு வைத்த பெயர் 'துரு' என்பதும், துருவுக்கு யாரும் வீடு தருவதில்லை என்பதும் உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. நம் தெருவில் பாரம் தூக்கும்போது எண்ணி எண்ணித்தான் அடி வைப்பார்கள், அதில் ஏழு மட்டும் வராது. ஏழு என்பது இரைச்சலில் 'எழு' என்று காதில் விழும், ஒருவன் அவசரப்பட்டுத் தூக்குவான், இன்னொருவன் விரல் நசுங்கும். அதனால் ஆறு, ஆறுக்குமேல, எட்டு. பழகிப் பழகி வீட்டுப் பேச்சிலும் அப்படியே ஆகிவிட்டது. கல்யாணமான புதிதில் அம்மா, அவளும் அதே தெருக்காரிதான், என்னைக் கண்ணாடி முன்னால் நிற்க வைத்து ஏழு ஏழு என்று சொல்லிப் பழக்கினாள், பழக்கிவிட்டு ஏழாவது மாடியிலேயே வீடும் பிடித்தாள், அவ்வளவு தைரியம் அவளுக்கு.

அம்மா வீட்டில்தான் போனாள், அவளைக் கீழே இறக்கியபோது நீ இன்னும் வந்து சேரவில்லை. லிஃப்ட் பெட்டியின் ஆழம் ஆயிரத்து நூறு மில்லிமீட்டர், ஸ்ட்ரெச்சர் ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது. நான் பராமரிக்கிற லிஃப்டில் என் பெண்டாட்டிக்கு இடமில்லை. படி வழியாகத் தூக்கினோம், முன்னால் அசோசியேஷன் செக்ரட்டரி, பின்னால் நான். கையில் பாரம் ஏறியதும் வாய் தானாக எண்ண ஆரம்பித்துவிட்டது, அஞ்சு, ஆறு, ஆறுக்குமேல, எட்டு என்று கீழே வரைக்கும். செக்ரட்டரி கண் கலங்கினார். நாலாவது நாளே 'நாப்பத்து மூணெல்லாம் ஒரு வயசா தம்பி, நல்ல எடமா நானே பாக்கறேன்' என்றார். அடுத்த வாரம் பழைய இரும்பு வாங்கி விற்கிற தன் மச்சானிடம் நான் எண்ணியதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார், மச்சான் விளக்கம் சொல்லிவிட்டான். அதோடு எனக்குப் பெண் பார்ப்பது நின்றது, பெரிய நிம்மதி. 'நாங்கல்லாம் வித்தியாசம் பாக்கறவங்க இல்லீங்க, மறைச்சீங்க பாருங்க, அதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு' என்றார். தம்பி போய் 'ங்க' வந்திருக்கிறது பார், மரியாதை கூடிவிட்டது. சொல்லியிருந்தால் வீடு கிடைத்திருக்குமா என்று கேட்டேன், மோட்டார் ரூமில் ஏதோ சத்தம் வருகிறது என்று போய்விட்டார். ஆறு பேர் போகலாம் என்று நானே ஸ்டிக்கர் ஒட்டிய லிஃப்டில் இப்போது நான் ஏறினால் மற்றவர்களுக்குப் படி ஏறும் ஆசை வந்துவிடுகிறது. முட்டிவலி டீச்சர்கூட நாலு மாடி நடக்கிறார், உடம்புக்கு நல்லது, ரோப்பும் தேயாது. பம்ப் ரூம் ஏணி காணவில்லை என்று முதலில் என் கதவைத்தான் தட்டினார்கள், அது செக்ரட்டரி வீட்டு பால்கனியில் அவருடைய பனியன்களைச் சுமந்துகொண்டு நின்றது.

இதற்கெல்லாம் நான் அசரவில்லை. ஒன்றுதான் உள்ளே இறங்க மாட்டேன் என்கிறது. கடைசி வாரம், வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள், ஆஸ்பத்திரியில் நர்ஸ் 'பத்துக்கு எவ்ளோ வலிக்குதும்மா' என்று கேட்டாள். என்னைக் கண்ணாடி முன்னால் நிறுத்திய அதே அம்மா 'ஆறுக்குமேல' என்றாள். 'ஆறுக்கு மேலன்னா எட்டா ஒம்பதா, சரியா சொல்லுங்க' என்றாள் நர்ஸ். நான் முந்திக்கொண்டு 'ஏழு' என்றேன். அம்மா என்னைப் பார்த்தாள். 'நல்லா பழகிட்டீங்க' என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இத்தனை வருடத்தில் அவள் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான், அதைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அதனால் அந்த மலையடிவாரத்து ஊர் இனி என் வாயில் வராது. நானாக எதையும் கொட்ட மாட்டேன், அவர் கேட்டால் உள்ளதைச் சொல்வேன். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, அதற்குள் பையனிடம் நீயே சொல்லிவிடு. அவன் முகம் மாறுமென்றால் இப்போதே மாறட்டும், உன்னையோ என்னையோ படியில் இறக்குகிற அன்று மாற வேண்டாம். மாறாவிட்டால் இங்கே கூட்டிக்கொண்டு வா, என்னோடு லிஃப்டில் ஏறுகிறானா பார்ப்போம். என்மேல் கோபம் வந்தால் திட்டு, ஆனால் போனை எடு.

உன் சொந்த முகத்தோடேயே நீ நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும், அம்மா சார்பிலும் நானே சொல்லிவிடுகிறேன். இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. பதில் போடும்போது கவரில் விலாசத்தைக் கீழே இருக்கிறபடியே எழுது, தபால்காரர் கேட்டால் நான் விளக்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
கதவு எண் மூன்று, ஆறுக்குமேல மாடி.