சாம்பல் நிற ஜாக்கெட்

செவ்வாய், இரவு.

வண்டி ஓட்ட, தொப்பி வைத்த ஜாக்கெட் வாங்க நேற்று சேலம் போனோம். மகள் மஞ்சளைத்தான் கேட்டாள். “அழுக்குத் தெரியும் கண்ணு” என்று நான்தான் இருவருக்கும் சாம்பல் நிறத்தில் எடுத்தேன்.

இன்று மாலை கொட்டச்சேட்டிலிருந்து மலைப்பாதையில் அதைப் போட்டுக்கொண்டு வந்தேன். ஒரே பனி. ஹெல்மெட் கண்ணாடியைத் துடைக்க வண்டியை அணைத்துவிட்டு வளைவோரம் நின்றேன். பின்னால் வந்த பஸ் கிறீச்சிட்டு ஒரு முழம் தள்ளி நின்றது. டிரைவர் முகம் வெளுத்திருந்தது.

“ஏனுங்க்கா, பனி எது, நீங்க எதுன்னே தெரியலீங்க!”

மகள் காலையில் வண்டியில் அதே பாதையில், குப்பனூர் வழியாகக் கல்லூரிக்குப் போக வேண்டும். குளிருக்கு இப்போதே அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு தூங்குகிறாள். எழுப்பி, கழற்று என்று சொல்ல வேண்டும். இரண்டு முறை அவள் அருகே போய்த் திரும்பிவிட்டேன்.