வாசல் வரை வரும் வண்டி

மேலப்படுகை,
திருக்காட்டுப்பள்ளி வழி.
கார்த்திகை 9, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மச்சானுக்கு உங்கள் ஜெயபாரதி எழுதிக்கொண்டது. நான் நலம் என்று எழுதினால் நீங்கள் நம்பப் போவதில்லை. நலமில்லை என்று எழுதினால் உங்களுக்குத் தூக்கம் வராது. அதனால் சாப்பிடுகிறேன், வயலுக்குப் போகிறேன், மாட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நீங்கள் அங்கே தோகாவில் வேளாவேளைக்குச் சாப்பிடுவதாகத் தெரியவில்லை. போன தடவை வீடியோவில் கன்னம் ஒட்டிப்போய் யாரோ மாதிரி இருந்தீர்கள்.

கையில் போனை வைத்துக்கொண்டு இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்தால் உங்களுக்கு நெட் போய்விடுகிறது. வண்டியைப் பற்றிப் பேசினால் கணீரென்று கேட்கிறது, வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் 'ஹலோ ஹலோ' என்று கட்டாகிவிடுகிறது. அது என்ன அதிசய நெட்டோ! கடிதத்தை நீங்கள் பாதியில் கட் பண்ண முடியாது. மேலத்தெரு சுஹைப் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை கிளம்புகிறான். உங்கள் கேம்ப்புக்குப் பக்கத்திலேதான் அவனும் இருக்கிறானாமே. அவன் கையில் இதையும், எலுமிச்சை ஊறுகாயும், பருப்புப் பொடியும் கொடுத்தனுப்புகிறேன்.

சம்பா நன்றாகவே தூர் கட்டியிருக்கிறது. போன வார மழையில் பள்ளத்து வயல் மட்டும் முங்கிவிட்டது. என் தம்பி தமிழரசன் வந்து வடிகாலை வெட்டிவிட்டான், பயிர் தப்பித்தது. செவலை கன்று போட்டிருக்கிறது. கிடேரி. பெயர் வைக்கவில்லை. மாட்டுக்குப் பெயர் வைக்கிற ஆள் இப்போது வீட்டில் இல்லையே.

நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். தமிழரசனைக் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர் பைபாஸில் இருக்கும் லோடு வண்டி ஷோரூமுக்குப் போனேன். டை கட்டிய ஒரு பையன் என் பக்கமே திரும்பாமல் தமிழரசனிடமே பேசிக்கொண்டிருந்தான். 'தம்பி, வண்டி எங்க வீட்டுக்கு. அவன் தொணைக்கு வந்தவன்' என்றேன். அதற்குப் பிறகு 'அக்கா அக்கா' என்று எனக்கே எல்லாம் சொன்னான். வண்டி ஒன்றுதான், எஞ்சினும் ஒன்றுதான். பின்னால் இருக்கிற பாடிதான் வேறு. ஒன்று எட்டடி, இன்னொன்று பத்தடி. பத்தடியில் வைக்கோல் கட்டு கூட ஏறும், நெல் மூட்டை கூட ஏறும், பந்தல் கம்பு வெளியே நீட்டாது. தமிழரசன், 'அக்கா, வாடகைக்கு ஓட்டணும்னா பத்தடிதான். எட்டடிய வச்சுக்கிட்டு என்ன பண்றது, வாழைத்தாரா ஏத்துறது?' என்கிறான். அவன் சொல்வதில் தப்பில்லை. நீங்களும் பத்தடிதான் என்கிறீர்கள்.

நான் எட்டடி என்கிறேன்.

கோபப்படாமல் கேளுங்கள். பத்தடி வண்டி நம் வீட்டுக்கு வராது. சந்துக்குள் நுழைந்துவிடும், நம் காம்பவுண்டு சுவர் முக்கில் நின்றுவிடும். இதை உங்களிடம் போனில் சொன்னதற்கு நீங்கள் என்ன பதில் அனுப்பினீர்கள் தெரியுமா? 'வண்டி ஏன் வீட்டுக்கு வரணும்? மெயின் ரோட்டுல நிறுத்திக்கலாம். கோயம்பேடு லோடு புடிச்சா வாரத்துல நாலு நாள் வெளியதான். மத்த நாளு நான் வண்டியிலயே படுத்துக்குவேன்' என்றீர்கள். அந்த வாய்ஸ் மெசேஜை நான் இன்னும் அழிக்கவில்லை. ஆறு வருஷம் அந்த ஊர் வெயிலில் டிரெய்லர் ஓட்டிவிட்டு, வேலை முடிந்து ஒரேயடியாக ஊருக்கு வருகிறவர், பெண்டாட்டி இருக்கிற வீட்டை விட்டுவிட்டு ரோட்டில் படுப்பாராம். கேட்கிறவர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? அதுகூடப் போகட்டும். எனக்கு நெஞ்சு வலிக்காதா?

எட்டடி என்றால் உள்ளூர் ஓட்டம். திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, மிஞ்சிப்போனால் கும்பகோணம். பொழுது சாய்ந்தால் வீட்டுக்கு வந்துவிடலாம். லாபம் குறைவுதான், இருக்கட்டுமே. நாம் இனி யாருக்குச் சேர்த்து வைக்கப்போகிறோம்?

ஞாயிற்றுக்கிழமை ஷோரூம்காரர்கள் ஓட்டிப் பார்க்க ஒரு பத்தடி வண்டியை அனுப்பினார்கள். நான் சொல்வது பொய்யா நிஜமா பார்த்துவிடலாம் என்று தமிழரசன் அதைச் சந்துக்குள் விடச் சொன்னான். நான் அடுப்படியில் இருந்தேன். முக்கில் முன்பக்கம் திரும்பிவிட்டது, பின்பக்கம் வரவில்லை. இந்தப் பக்கம் சுவர், அந்தப் பக்கம் வாய்க்கால். தமிழரசன் பின்னால் நின்றுகொண்டு, 'வரட்டும், வரட்டும், ஒடிங்க, இன்னும் ஒடிங்க' என்று சத்தம் போட்டான். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். 'நிறுத்துங்கடா, நிறுத்துங்கடா' என்று வண்டியை இரண்டு கையாலும் அடித்தேனாம். எனக்கு நினைவில்லை. கை வீங்கியிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். ஓட்டி வந்தவன் பயந்துபோய் இறங்கிவிட்டான். தமிழரசன் அப்படியே வாய்க்கால் கரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். போன தை மாதம் இதே இடத்தில் நின்று இதே வார்த்தையைத்தான் அவன் கத்தினான்.

மச்சான், அன்றைக்கு நடந்ததை நான் உங்களுக்கு முழுதாகச் சொன்னதில்லை. நீங்களும் கேட்கவில்லை. சாயங்காலம் போனில் 'ஆம்புலன்ஸ் ஏன் வாசலுக்கு வரல?' என்றீர்கள். 'முக்குல திரும்பல' என்றேன். அதோடு போனை வைத்துவிட்டீர்கள். லீவு கிடைத்தும் நீங்கள் வரவில்லை. 'வந்து யாரைப் பார்க்க?' என்று தமிழரசனிடம் சொன்னீர்களாம். நான் இருந்தேனே.

இப்போது சொல்லிவிடுகிறேன். அறுவடைத் தூசியில் காலையிலிருந்தே பூமிகாவுக்கு மூச்சு இழுத்தது. ஸ்ப்ரே அடித்தும் கேட்கவில்லை. உதடு நீலம் பாய்ந்ததும் ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம். சீக்கிரமாகவே வந்தார்கள். அந்த டிரைவர் பிள்ளை தங்கமானவன். பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், வாசலுக்கே வருகிறேன் என்று உள்ளே விட்டான். முக்கில் பின்சக்கரம் வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டது. அங்கேயே தூக்கிக்கொண்டு ஓடினேன், ஆக்சிஜன் வைத்தார்கள். ஆனால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும், வண்டி நகரவில்லை. தெருவே கூடித் தள்ளியது. கடைசியில் பிள்ளையையும் சிலிண்டரையும் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடி, ரெத்தினம் அண்ணன் லோடு வண்டியில் ஏறினோம். பூதலூர் தாண்டும்போது என் மடியிலேயே அடங்கிவிட்டாள். கடைசியாக, 'அப்பாட்ட சொல்லாதம்மா, பயப்படும்' என்றாள். அவளுக்கு நீங்கள் எப்போதும் 'பயப்படும் அப்பா'தான்.

அந்தச் சுவரைப் பற்றி நீங்கள் உள்ளுக்குள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். வீடு கட்டும்போது ஒரு முழம் சந்தில் தள்ளித்தான் கட்டினோம். இந்த ஊரில் தள்ளாமல் கட்டியவர் யார்? மேஸ்திரி வீடியோவில் காட்டினார், நீங்கள் அங்கிருந்து சரி என்றீர்கள், நான் இங்கிருந்து சரி என்றேன். ஆம்புலன்ஸ் வரும் என்று யாராவது நினைத்துக்கொண்டு சுவர் வைப்பார்களா? உங்களை யாரும் குறை சொல்லவில்லை. என் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை, வரவும் வராது.

ஸ்கூல் வேனும் உள்ளே வராதே. அந்த முக்குச் சுவர்மேல்தான் தினமும் ஏறி உட்கார்ந்து வேனுக்குக் காத்திருப்பாள். சும்மா இருக்கமாட்டாள், குதிகாலால் சுவரை உதைத்துக்கொண்டே இருப்பாள். ஷூ பாலிஷ் பட்டு இரண்டு கறுப்புத் திட்டு. மழைக்கு முன்னால் தமிழரசன் வெள்ளையடித்தபோது அந்த இடத்தை மட்டும் தொடாதே என்றேன். தொடவில்லை. தினமும் காலையில் அங்கே கொஞ்ச நேரம் நிற்கிறேன்.

எட்டடியே வாங்குவோம் மச்சான். என் பேச்சை இந்த ஒரு தடவை கேளுங்கள்.

கார்த்திகை 16, செவ்வாய்க்கிழமை

சுஹைப்பின் டிக்கெட் தள்ளிப்போனதால் இந்தக் கடிதம் ஒரு வாரமாக என் பீரோவிலேயே கிடந்தது. எடுத்துப் படித்துப் பார்த்தேன். நான் எட்டடி எட்டடி என்று அடம் பிடித்ததைப் பார்த்து எனக்கே வெட்கமாகிவிட்டது. சின்ன வண்டி வாங்கினால் மட்டும் நீங்கள் உள்ளே வந்துவிடுவீர்களா? அந்த முக்கைப் பார்த்ததும் ரோட்டிலேயே நின்றுவிடுவீர்கள். சைக்கிளில் வந்தாலும் நின்றுவிடுவீர்கள். எட்டடியிலும் பத்தடியிலும் ஒன்றுமில்லை என்று அப்போதுதான் என் மரமண்டையில் ஏறியது.

சுவரை இடித்துவிட்டேன்.

உங்களைக் கேட்கவில்லை. கேட்டால் நெட் போய்விடும். சனிக்கிழமை காளியம்மாளும் அவள் வீட்டுக்காரரும் கடப்பாரையோடு வந்தார்கள். முக்கிலிருந்து கேட் வரைக்கும் எடுத்தாயிற்று. தெருவில் நாலு பேர் கூடினார்கள். 'பொம்பளைக்குப் புத்தி கலங்கிப்போச்சு, புருஷன் கஷ்டப்பட்டுக் கட்டினத இடிக்கிறா' என்று ஒருத்தர் என் காதுபடவே சொன்னார். சொல்லட்டும். அந்தக் கறை இருக்கிற பூச்சை மட்டும் உடையாமல் பெயர்த்துத் தரமுடியுமா என்று காளியம்மாளிடம் கேட்டேன். அவள் உளியை வைத்து மெதுவாக, பிள்ளைக்கு முள் எடுக்கிற மாதிரி தட்டிப் பார்த்தாள். பொடிப்பொடியாகத்தான் உதிர்ந்தது. 'வரமாட்டேங்குதேம்மா' என்று அவளும் அழுதாள். முந்தானையில் வாங்கிக்கொண்டு போய்ச் செம்பருத்திச் செடிக்கு அடியில் கொட்டினேன். அது மட்டும் எனக்குத் தாங்கவில்லை மச்சான். இன்றைக்குக் காலையிலும் பழக்கத்தில் அங்கே போய் நின்றேன். பார்க்க ஒன்றுமில்லை.

நேற்று அதே பத்தடி வண்டியை மறுபடியும் வரச் சொன்னேன். அந்த டிரைவர் என்னைப் பார்த்ததும் முதலில் தயங்கினான். ஒன்றும் செய்யமாட்டேன், வா என்றேன். ஒரு தடவைகூடப் பின்னால் எடுக்காமல், அலுங்காமல் குலுங்காமல் வந்து நம் வாசலில் நின்றது. நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவுதானா, இவ்வளவு லேசா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அப்புறம் எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. தமிழரசன் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு வந்து ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தான்.

அதனால் நீங்கள் நினைத்தபடி பத்தடியே வாங்குங்கள். உங்களுக்கு அதுதான் கை ஓட்டமாக இருக்கும். கோயம்பேட்டுக்கும் போங்கள், எங்கே வேண்டுமானாலும் போங்கள். போய்விட்டு வந்து வண்டியை வாசலில் நிறுத்துங்கள். உங்கள் உழைப்பில் எழும்பிய சுவரை இடித்ததற்குத் திட்ட வேண்டும் என்று தோன்றினால் நன்றாகத் திட்டுங்கள். திட்டுவதற்காகவாவது போன் பண்ணுங்கள். கட் பண்ணாமல் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

தை பிறந்தால் பூமிகாவுக்கு வருஷம் வருகிறது. அது முடிந்த பிறகு வருகிற மாதிரி டிக்கெட் போட்டிருக்கிறீர்கள் என்று சுஹைப் வாய்தவறிச் சொல்லிவிட்டான். அவனைக் கோபிக்காதீர்கள். முடிந்தால் டிக்கெட்டை மாற்றுங்கள். போன தடவை எல்லாவற்றையும் நான் ஒருத்தியாகவே செய்தேன். இந்தத் தடவை விளக்கேற்றும்போது பக்கத்தில் நீங்கள் நிற்க வேண்டும். பேசவேண்டாம், சும்மா நின்றால் போதும்.

காவேரியம்மன் உங்களை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். ரோட்டில் மட்டும் நின்றுவிடாதீர்கள் மச்சான். இந்த வீட்டில் தனியாக எனக்கும் மூச்சு முட்டுகிறது.

இப்படிக்கு,
உங்கள் பூமிகாவின் அம்மா,
ஜெயபாரதி