குடிலுக்கு வந்த குருவிக்கூடு

என் பிரியமுள்ள மைனிக்கு,

மழை விட்டிருக்கிறது. மாசியில் அறுக்கிற கும்பப்பூ நெல் பால் பிடித்து நிற்கிறது. மத்தியான வேளையில் ஏழாம் வகுப்பு ஜன்னலில் நின்றால் வயலும் வானமும் ஒரே ஈரமாகத் தெரிகிறது. தூரத்து வரப்பில் யாரோ குடை பிடித்துப் போகிறார்கள். நீங்கள்தானோ என்று ஒரு நொடி தோன்றும். அதற்குள் மணி அடித்துவிடும்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு பள்ளியில் உங்கள் இயற்கை மன்றத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள். மைனி நடத்தியதை நாத்தனார் நடத்தட்டும் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். கணக்கு டீச்சர் நான். கொக்கைக் காட்டினால் காலை எண்ணுவேன் என்று நீங்களே ஊரெல்லாம் கேலி செய்வீர்கள். உங்கள் பிள்ளைகள்தான் எனக்கு நீர்க்காகத்தையும் இலைக்கோழியையும் காட்டித் தருகிறார்கள்.

ஒரு தப்பு செய்துவிட்டேன் மைனி. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸுக்குப் பள்ளியில் குடில் கட்டினோம். நீங்கள் இல்லாத முதல் குடில். மாதா சுரூபத்துக்கு மேலே நீங்கள் எப்போதும் ஒரு தூக்கணாங்குருவிக் கூட்டைத் தொங்கவிடுவீர்களே, அது இல்லாமல் எப்படி? "உங்க டீச்சர் வைச்ச மாதிரியே வேணும். போய் எடுத்துட்டு வாங்க மக்கா" என்று நான்தான் பிள்ளைகளை அனுப்பினேன். குளக்கரைத் தென்னையில் வரிசையாகத் தொங்குகிறதே, ஒன்று குறைந்தால் என்ன என்று நினைத்தேன். அவர்கள் துறட்டி கட்டி இரண்டு பறித்து வந்தார்கள். உங்கள் மேல் உள்ள பாசத்தில் ஒன்று கூடுதல்.

ஏழாம் வகுப்பு ஜெனிஷா முதல் கூட்டைக் கட்டும்போது உள்ளிருந்து கீச்சென்று சத்தம் வந்தது. இறகு முளைக்காத இரண்டு குஞ்சுகள், வாயைத் திறந்தபடி. இன்னொரு கூட்டில் இரண்டு முட்டைகள், உடைந்து ஒழுகிக்கொண்டிருந்தன.

"டீச்சர், குடில்ல வைக்கதுக்கு, பிள்ள பொறந்த வீட்டையா பிச்சிட்டு வந்தோம்?" என்று ஜெனிஷா கேட்டாள். நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

தேங்காய் வெட்டுகிற தங்கப்பன் அண்ணனைக் கூப்பிட்டு, குஞ்சு இருந்த கூட்டை அதே ஓலையில் சணலால் கட்டச் சொன்னோம். "கட்டலாம் டீச்சர். தள்ளக்குருவி ஏத்துக்கிடுமான்னு எனக்குத் தெரியாது" என்றார். நாங்கள் எதிர்க்கரையில் உட்கார்ந்தோம். தாய்க்குருவி எதையோ அலகில் வைத்துக்கொண்டு சுற்றிச்சுற்றி வந்தது. உள்ளே போகவில்லை. சாப்பாட்டு மணி அடித்தும் ஒரு பிள்ளைகூட எழுந்திருக்கவில்லை. தாமரை இலைகளில் தண்ணீர் உருண்டுகொண்டே இருந்தது. நேரமே நின்றுவிட்டதுபோல் இருந்தது. கடைசியில் குருவி கூட்டின் வாயைப் பிடித்துத் தொங்கியது, உள்ளே நுழைந்தது. யாரும் கை தட்டவில்லை. தட்டினால் பயந்துவிடும் என்று நீங்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்களாம்.

அன்று சாயங்காலம் அண்ணனிடம் சொல்லி அழுதேன். அவன் அலமாரி மேலிருந்து உங்கள் குடில் பெட்டியை இறக்கினான். வைக்கோலுக்கு நடுவே, பழைய சேலைத் துணியில் சுற்றி, ஒரு கூடு. கூடவே உங்கள் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு: 'அறுப்பு முடிந்து, குருவி போன பிறகு, குளக்கரையில் கிடந்தது.'

"அவ இந்த ஒண்ணத்தான் வருசா வருசம் வைப்பா. ஏட்டி, நீ பாக்கலியா?" என்றான் அண்ணன்.

பார்க்கவில்லை மைனி. ஒவ்வொரு வருடமும் அந்தக் குடிலுக்கு முன்னால் முழங்கால் போட்டிருக்கிறேன். கூட்டைப் பார்த்தேன், அதே கூடு என்று பார்க்கவில்லை.

மறுநாள் பிள்ளைகளிடம் அந்தச் சீட்டை வாசித்துக் காட்டினேன். தப்பு அவர்களுடையது இல்லை, அனுப்பின என்னுடையது என்று சொன்னேன். உங்கள் கூடு இப்போது மாதாவுக்கு மேலே தொங்குகிறது. ஜெனிஷா அதன் கீழே ஒரு அட்டை வைத்திருக்கிறாள்: 'இது காலி வீடு. ஆள் இருக்கிற வீடு குளக்கரையில் இருக்கிறது. தூர நின்று பார்க்கவும்.'

நாங்களும் தினமும் தூர நின்று பார்க்கிறோம். காற்றில் கூடு ஆடுகிறது. உள்ளிருந்து வருகிற சத்தம் நாளுக்கு நாள் பெரிதாகிறது. வரப்பில் குடை போகிறது. சில நாள் அது நீங்கள் இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிவதில்லை.

இனி குளக்கரைக்குத் துறட்டி போகாது, மைனி. ஒவ்வொரு வருடமும் மன்றத்தின் முதல் வகுப்பில் அந்த இரண்டு முட்டைகளைப் பற்றிச் சொல்வேன், அவை யாரால் உடைந்தன என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

இப்போது குருவியைப் பார்க்கத் தெரிந்த,
இன்னமும் கொக்கின் காலை எண்ணுகிற,
உங்கள் நாத்தனார்
கிறிஸ்டி