சிட்டுவின் வாய் மூடிய படம்

ஜனவரி 6
மூத்த மகளின் மகன் வங்கி வேலையில் சேர்ந்துவிட்டான். அவன் தங்கை ஓட்டப்பந்தயத்தில் முதலாவது. சின்னவளின் பையன் மேடையேறிப் பேசிக் கோப்பை வாங்கியிருக்கிறான். என் மகனின் மகள் சிட்டுவுக்கு மூன்று வயது. இன்று அழாமல் கடைவாய்ப் பல் வரைக்கும் தேய்க்க விட்டாள்! அஞ்சாவதோடு நின்ற எனக்கு இதுதான் பெரிய வெற்றி.

அவள் தலையை மடியில் வைத்து, தலைமாட்டிலிருந்து குனிந்து தேய்ப்பேன். “பாட்டி, உன் மூக்கு தலைகீழா இருக்கு” என்று சிரிப்பாள். சிரிக்கும்போதே உள்பக்கத்தையும் முடித்துவிடுவேன்.

பிப்ரவரி 11
மகனும் மருமகளும் பிரிந்துவிட்டார்கள். குழந்தை அவளோடு, வேறு ஊருக்கு. பெட்டி கட்டும்போது, பல் தேய்த்த பிறகு பால் கொடுக்காதே என்றேன். “எனக்குத் தெரியாதா அத்தை? நான்தானே அம்மா?” என்றாள். சிட்டுவின் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

மார்ச் 2
சிட்டுவின் பச்சை பிரஷ் இங்கேயே தங்கிவிட்டது. காய்ந்து கிடக்கிறது. எடுத்துப் போட மனசு வரவில்லை.

ஏப்ரல் 19
மருமகளிடம் நான் கெஞ்சிக் கேட்ட சிட்டுவின் படம் தபாலில் வந்தது. வாயை இறுக மூடிக்கொண்டு நிற்கிறாள். ஏன்? சொத்தையா? வலிக்கிறதா? யாருமே தேய்த்துவிடுவதில்லையா? மகன், “போட்டோவுக்கு வாயைப் பொளந்துகிட்டா நிப்பாங்க? சும்மா இரும்மா” என்கிறான். எப்படிடா சும்மா இருக்கிறது? மருமகளுக்குப் போன் போட்டேன். நல்லா இருக்கா என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஜூன் 8
இன்னொரு உறை. சிட்டு படுத்திருக்கிறாள், தலை ஒரு மடியில். வாய் ஆவென்று திறந்து, அத்தனை பல்லும் வெள்ளை வெளேர் என்று. பிரஷ் பிடித்த கையில் எண்ணெய் தெறித்த தழும்பு – மருமகளின் கைதான். பின்பக்கத்தில் அவள் எழுத்து: “பாட்டி மாதிரின்னு சொன்னாத்தான் படுக்கிறா அத்தை.”

பல் நன்றாக இருக்கிறது. நான் இல்லாமலே நன்றாக இருக்கிறது. அதைத்தானே கேட்டேன்? பிறகு ஏன் மறுபடி மறுபடி அந்தக் கையையே பார்க்கிறேன்?

படத்தைத் தலைகீழாகத் திருப்பினேன். அதுதான் நான் குனிந்து குனிந்து பார்த்த முகம். அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிரஷைக் குப்பையில் போட்டுவிட்டு, மருமகளுக்கு ஒரு கார்டு எழுதினேன்:

“புதுசா ஒரு படம் எடுத்துத் தபாலில் போடும்மா. வாய் மூடியிருந்தாலும் சரி.”