கடல் பக்கத்து ஜன்னல்

அன்புள்ள அம்மாவுக்கு,

கோயில்ல எனக்காக நன்றிப் பூசை வச்சியாமே. ஒரு வாரம் பொறுத்திருக்கலாம்.

கடல் தண்ணிக்குள்ள லேசர் ஒளியை விட்டு, நாளுக்கு நாள் கலங்கல் கூடுதுன்னு கண்டுபிடிச்சேன்லா? நேத்து லென்ஸைத் தொடச்சேன். துணியில கடல் காத்து கொண்டாந்த உப்பு. தொடச்ச பிறகு எல்லாத் தண்ணியும் தெளிவாத்தான் தெரியுது. இத்தனை நாளும் கலங்கியிருந்தது லென்ஸ்தான்.

என் ஆய்வைப் பார்த்துக்கிடுத மேடம்ட்ட சொன்னேன். கட்டுரையை ஏற்கெனவே மாநாட்டுக்கு அனுப்பிட்டாவ. "ஏளா, உன்னை யாரு தொடைக்கச் சொன்னா?"ன்னு மட்டும் கேட்டாவ. வெள்ளிக்கிழமை மாநாட்டுக்காரங்க நேர்ல பார்க்க வாராவ. அன்னைக்கும் கலங்கல் தெரியணுமாம்.

நான் நல்லாத்தான் சாப்பிடுதேன். ஆய்வகம் புழுங்குதுன்னு கடல் பக்கத்து ஜன்னலைத் திறந்து வச்சிருக்கேன். லென்ஸுக்கு மூடி போடல.

உன் மகள்