குடைக்காரரின் பித்தளை வில்லை

என் அன்பான இஞ்சாருங்கோ,

உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. இப்போதும் வாயில் வரவில்லை. ரெய்னர்ஸ் லேன் வீட்டில் இருந்துதான் எழுதுகிறேன், உங்கள் வில்லைகளுக்குக் காவலாக.

விக்டோரியா மகாராணி காலத்தில் இதே லண்டனில் நடந்த உலகக் கண்காட்சியில், குடைக்காரரும் தேயிலைக்காரரும் கடைப் பெயர் பொறித்து விளம்பரத்துக்குக் கொடுத்த, காசு மாதிரியான பித்தளை வில்லைகள். பழங்காசுச் சந்தைகளில் அலைந்து அலைந்து சேர்த்தீர்கள். "ஓசியிலை குடுத்ததைக் காசு குடுத்து வாங்கிற ஒரே ஆள் நீங்கள்தான்" என்பேன். சிரிப்பீர்கள்.

நீங்கள் கண்மூடிய முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்த நினைவு மலரில், எல்லோரும் எழுதுகிற மாதிரி நானும் ஒரு வரி எழுதிவிட்டேன்: "உங்கள் சேகரிப்பை என் உயிருள்ளவரை காப்பேன்." வந்த சனம் முழுக்க அந்த மலரைக் கொண்டுபோனது.

விம்பிள்டனில் மகள் எனக்கென்று ஓர் அறை ஒதுக்கி வைத்திருக்கிறாள். அதற்குள் உங்கள் கண்ணாடி அலுமாரி ஒன்றுகூட நுழையாது. விற்கலாம் என்றால் உங்கள் தம்பி அந்த நினைவு மலரோடு வந்து நிற்கிறார். "அண்ணி, நீங்கள் எழுதினதுதானே? சனம் என்ன சொல்லும்?"

பேத்தி பள்ளிக்கூடத்தால் வரும்போது கதவு திறந்துவிட எனக்கு ஆசை. நான் திறப்பதோ இந்த அலுமாரிகளை. துடைக்கத் துடைக்க உங்கள் மேல் கோபம் வருகிறது. என்னை இப்படி அடைத்து வைத்துவிட்டுப் போகலாமா?

போன கிழமை குடைக்காரரின் வில்லையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் இதை அலுமாரியில் பூட்டி வைக்கவா அடித்தார்? வருகிறவர் போகிறவர் கையில் கொடுக்கத்தானே? இது உங்களுக்குத் தெரியாமலா இருந்தது?

அடுத்த மாதம் உங்கள் ஆண்டுத் திவசம். சாப்பிட்டுப் போகிறவர்களுக்கு வடைப் பையோடு ஆளுக்கு ஒரு வில்லை கொடுக்கப்போகிறேன். தம்பி துள்ளினார். "காப்பன் எண்டெல்லோ எழுதினீங்கள்?"

"ஓம். இனி எல்லாரும் சேர்ந்து காக்கட்டும்" என்றேன். முதல் வில்லை அவருக்குத்தான்.

ஒன்றை மட்டும் ஒருவருக்கும் தரமாட்டேன். கடைத் தள்ளுவண்டியின் பூட்டைத் திறக்கப் போடும் ஒரு பவுண் காசு என்று நினைத்து நான் போட்டுவிட்டு எடுக்க மறந்து வர, அந்த வண்டியைத் தேடிக் கார்ப் பார்க் முழுக்க ஓடினீர்களே, அந்தத் தேயிலைக்காரரின் வில்லை. அது என் கைப்பையில் விம்பிள்டனுக்கு வரும். கடைக்குப் போகும்போதெல்லாம் அதைத்தான் வண்டியில் போடுவேன். வண்டியைக் கொண்டுபோய் விடும்போது மறக்காமல் திருப்பி எடுப்பேன். இது சத்தியம்.

நீங்கள் "இஞ்சாரும்" என்று கூப்பிட்ட,
உங்கள் மனைவி