தலைகீழாக ஒட்டிய எஞ்சின்

2006, தை மாதம். ஞாயிறு இரவு.

இன்று ஆர்.கே.பேட்டையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அவர்கள் வருவதற்குள் என் காகித விண்கலத்தைப் பரண்மேல் ஏற்றிவிட அம்மா துடித்தாள். நான் விடவில்லை. வேலை பார்க்கும் பிரவுசிங் சென்டரில் அதன் மாதிரிப் படத்தைப் பக்கம் பக்கமாகப் பிரிண்ட் எடுத்து, மாதக்கணக்கில் வெட்டி மடித்து ஒட்டியது அது. ஒவ்வொரு ஜன்னலும் அரிசி அளவுதான். டிவி மேலேயே இருந்தது.

மாப்பிள்ளை செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். என்னைவிட விண்கலத்தைத்தான் அதிகம் பார்த்தார். காபி டம்ளரை வைத்துவிட்டு எழுந்துபோய்க் குனிந்தார்.

"யாருங்க செஞ்சது?"

"நான்தாங்க."

"சூப்பரா கீதுங்க. ஆனா எடதுபக்க எஞ்சின் தலைகீழா இருக்குது. வலதுல செவப்புக் கோடு மேல வருது, இதுல கீழ போவுது பாருங்க."

அம்மாவின் முகம் வாடிவிட்டது. எனக்குச் சுருக்கென்றது.

"அது அப்படித்தாங்க," என்றேன். அவர் சிரித்தபடி உட்கார்ந்துவிட்டார்.

அவர்கள் போனதும் மாதிரிப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. கோபப்பட வேண்டியவளுக்குச் சிரிப்புதான் வந்தது.

நைனா வந்து நின்றார். "அவங்களுக்கு இன்னாமா சொல்லட்டும்?"

"இன்னொரு வாட்டி வரச் சொல்லு நைனா. எஞ்சினப் பிரிச்சு ஒட்டணும். கூட ஒருத்தர் புடிச்சுக்கணும்."

நைனா விழித்தார். சமையலறையில் அம்மா சிரிப்பது கேட்டது. இப்போது விளக்கை அணைக்கச் சொல்கிறாள். தூக்கம் எங்கே வரப்போகிறது.